தெங்வாரில் உங்கள் பெயரை எழுதுவது எப்படி?

‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எழுதிய டோல்கீன், தன் கதைகளில் வரும் எல்ஃப் என்னும் கற்பனை இனத்துக்காக உருவாக்கிய எழுத்துதான் தெங்வார். அதில் பெயர் எழுத ஆசைப்படுகிறவர்கள் முதலில் செய்வது, ஒரு எழுத்துருவை இறக்கி, ஆங்கிலத்தில் பெயரைத் தட்டுவது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த எழுத்துருக்கள் பலவற்றில் விசைகள் ஒலிப்படி இருக்காது. ‘க்யூ’வைத் தட்டினால் ‘ப’ வந்து நிற்கும். பச்சை குத்திய பிறகு தெரிந்து என்ன பயன்?

1. முதலில் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலை மறந்துவிடுங்கள், ஒலி மட்டும் போதும். ‘சிந்து’ என்றால் ச், இ, ந்த், உ.

2. எழுதும் முறையைத் தேர்ந்தெடுங்கள். தெங்வாரில் மொழிக்கு ஒரு முறை உண்டு. குவென்யா, சிந்தாரின் இரண்டும் டோல்கீன் எல்ஃப்களுக்காக உருவாக்கிய மொழிகள். குவென்யா முறையில் உயிர்க்குறி, தனக்கு முந்தைய மெய்யின் தலையில் உட்காரும். நம் உயிர்மெய் மாதிரியே! சிந்தாரின் முறையில் அடுத்த மெய்யின் மேல் போய்விடும், நமக்கு அதுதான் குழப்பும். அதனால் குவென்யாவில் தொடங்குங்கள்.

3. இப்போது மெய்கள். செங்குத்துக் கோட்டின் வலப்பக்கம் ஒரு திறந்த வளைவு வந்தால் ‘த்’, அதே வளைவு இரண்டானால் ‘ந்த்’. ஆமாம், ‘ந்த்’ முழுவதும் ஒரே எழுத்து. ‘அம்பிகா’வில் வரும் ‘ம்ப்’, ‘கங்கா’வில் வரும் ‘ங்க்’ இரண்டுக்கும் இப்படியே தனி எழுத்து இருப்பதைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

4. அப்புறம் உயிர்கள். ‘அ’வுக்கு மூன்று புள்ளி, ‘இ’க்கு ஒரு புள்ளி, ‘எ’க்கு ஒரு சாய்கோடு, ‘உ’வுக்கு ஒரு சுருள், ‘ஒ’வுக்கு அதே சுருள் எதிர்ப்பக்கம் திரும்பி. ஆக, ‘சிந்து’ இரண்டே எழுத்து: ‘ச்’ மேல் புள்ளி, ‘ந்த்’ மேல் சுருள். ஒன்றே ஒன்று கவனியுங்கள்: ‘ச்’ எழுத்தின் தலை ஏற்கெனவே வளைந்திருப்பதால் புள்ளிக்கு இடம் இருக்காது, அதைத் தலைகீழாகத் திருப்பி எழுத வேண்டும்.

5. நெடில் வந்தால்? ‘நிலா’வை எடுத்துக்கொள்வோம். ‘ந்’ மேல் ஒரு புள்ளி. ‘ல்’ வெறுமனே. பக்கத்தில் ஒரு நீளக் கோடு, அதன் தலையில் மூன்று புள்ளி. நம் துணைக்கால்தான்! பெயர் குறில் உயிரில் தொடங்கினால் குட்டைக் கோடு போட்டு அதன் மேல் குறியை வையுங்கள்.

பட்டை முனைப் பேனா இருந்தால் அதில் எழுதிப் பாருங்கள், கோடு தடித்தும் மெலிந்தும் வரும்போதுதான் இந்த எழுத்தின் அழகே தெரியும்.