ஏர் இன்டேக் மாற்றிய பிறகு கார் மக்கர் செய்கிறதா? சென்சார் வாங்குவதற்கு முன் படியுங்கள்

கம்பெனி ஏர்பாக்ஸை, அதாவது ஏர் ஃபில்டர் இருக்கும் பெட்டியை, கழற்றிவிட்டு, வெளியில் வாங்கிய இன்டேக்கை (இன்ஜினுக்குக் காற்று கொண்டுபோகும் ஃபில்டரும் குழாயும்) மாட்டிய சில நாளில் செக் இன்ஜின் லைட் எரிய ஆரம்பிக்கும். சிக்னலில் நிற்கும்போது ஆர்பிஎம் முள் ஏறி இறங்கும், ஏசி போட்டால் வண்டி ஆஃப் ஆகிவிடும், இல்லையென்றால் முன்பு இருந்த இழுவை காணாமல் போயிருக்கும். அடுத்து நடப்பதும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். யாராவது ஒருவர் "சென்சார் போச்சுங்க" என்பார், புது சென்சார் வரும், பல ஆயிரம் ரூபாய் போகும், இரண்டு நாளில் அதே லைட் திரும்ப எரியும். இந்தச் செலவு பெரும்பாலும் வீண். நேற்று வரை ஒழுங்காக ஓடிய வண்டி இன்டேக் மாற்றிய பிறகு மக்கர் செய்தால், கோளாறு கை வைத்த இடத்தில்தான் இருக்கும். ஃபில்டருக்கும், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் திறந்து காற்றை உள்ளே விடும் த்ராட்டில் பாடிக்கும் நடுவில் இருக்கும் அந்த ஓரிரு அடிக்குள் எதைத் தேடுவது, எந்த வரிசையில் தேடுவது என்பது தெரிந்தால் போதும்.

முதல் தவறு, பார்க்காமலேயே லைட்டை அணைப்பது. பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினால் லைட் போய்விடும், சரிதான். ஆனால் லைட் எரிந்த நொடியில் இன்ஜின் என்ன வேகத்தில் சுற்றியது, எவ்வளவு லோடு, எவ்வளவு சூடு என்று ஈசியூ, அதாவது இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர், எடுத்து வைத்திருந்த பதிவும் அதோடு அழிந்துவிடும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஸ்கேனரில் வருவது அதுதான். கோளாறைக் கண்டுபிடிக்க அதைவிடப் பெரிய உதவி கிடையாது. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓபிடி போர்ட் இருக்கும், அதில் செருகும் ப்ளூடூத் ஸ்கேனர் மலிவாகவே கிடைக்கிறது, போனில் ஒரு ஆப் போட்டால் வேலை முடிந்தது. ஸ்கேனரில் வரும் கோளாறு எண்ணையும் (கோடு என்பது இதுதான்) அந்தப் பதிவையும் முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அழிப்பதெல்லாம் அப்புறம்.

இரண்டாவது, உங்கள் வண்டி காற்றை எப்படி அளக்கிறது என்று தெரியாமல் தேடுவது. இது தெரியாவிட்டால் மீதி எல்லாம் குருட்டு வேலை. பெட்ரோல் இன்ஜினில் 1 கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும், அதனால் உள்ளே வரும் காற்று எவ்வளவு என்று ஈசியூவுக்குத் தெரிந்தாக வேண்டும். சில வண்டிகளில் ஏர்பாக்ஸை ஒட்டியே குழாயில் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார், மெக்கானிக்குகள் மாஃப் என்று சொல்வது, உட்கார்ந்திருக்கும். சூடேற்றிய மெல்லிய கம்பியையோ தகட்டையோ கடந்து போகும் காற்று அதை எவ்வளவு குளிர வைக்கிறது என்பதை வைத்து அது கணக்குப் போடும். நம் ஊரில் ஓடும் சின்ன பெட்ரோல் கார்கள் நிறைய இப்படி இல்லை. அவற்றில் த்ராட்டிலைத் தாண்டி சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் இன்டேக் மேனிஃபோல்டில் மேப் சென்சார் இருக்கும், அது அழுத்தத்தை மட்டும் அளக்கும், காற்றின் சூட்டையும் ஆர்பிஎம்மையும் சேர்த்து ஈசியூ காற்றின் அளவைக் கணக்கிட்டுக்கொள்ளும்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? மாஃப் உள்ள வண்டியில் சென்சாரைத் தாண்டி ஒரு சின்ன ஓட்டை இருந்தாலும் அளக்கப்படாத காற்று உள்ளே போய்விடும், பெட்ரோல் குறைவாக விழும், லீன், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் போதவில்லை, என்று கோடு வரும். பி0171 என்பது அதுதான், வி6 மாதிரி சிலிண்டர்கள் இரண்டு வரிசையாக (பேங்க்) இருக்கும் இன்ஜினில் பி0174-ம் சேர்ந்து வரும். மேப் வண்டியில் த்ராட்டிலுக்கு முன்னால் இருக்கும் அதே ஓட்டை கலவையைக் கெடுக்காது, தூசியைத்தான் உள்ளே விடும். அதனால் டர்போ இல்லாத மேப் வண்டியில் இன்டேக் போட்டதும் லீன் கோடு வந்தால், குழாயின் கிளாம்பை நாள் முழுக்க முறுக்கிப் பயனில்லை. வேலை செய்யும்போது த்ராட்டிலுக்குப் பின்னால் ஏதாவது வேக்கம் ஹோஸ் கழன்றதா, காய்ந்துபோன ரப்பர் விரிசல் விட்டதா என்று பாருங்கள்.

ஓட்டை எங்கே என்று ஸ்கேனரே பாதி சொல்லிவிடும், ஆனால் கோடை மட்டும் படித்துவிட்டு மூடி வைப்பவர்கள்தான் அதிகம். ஈசியூ பெட்ரோலை எவ்வளவு சதவீதம் கூட்டியோ குறைத்தோ ஈடுகட்டுகிறது என்று காட்ட ஃப்யூயல் ட்ரிம் என்று இரண்டு எண்கள் வரும், ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம். இரண்டையும் கூட்டுங்கள். பூஜ்யத்துக்கு இந்தப்பக்கம் அந்தப்பக்கம் 10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலில், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல், ஒரு தடவை பாருங்கள், ஆக்ஸிலேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்மில் பிடித்து இன்னொரு தடவை பாருங்கள். ஐடிலில் +18, 2500-ல் +4 என்று இறங்கினால் எங்கேயோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. ஐடிலில் மொத்தக் காற்றே கொஞ்சம்தான், அதில் ஓட்டை வழியாக வருவது பெரிய பங்கு, ஆர்பிஎம் ஏறினால் அந்தப் பங்கு சிறுத்துவிடும். இதற்கு நேர்மாறாக, ஐடிலில் ஒழுங்காக இருந்து, மேட்டில் ஏறும்போதும் மிதித்து ஓட்டும்போதும் ட்ரிம் ஏறினால், ஓட்டையைத் தேட வேண்டாம். சென்சார் காற்றைக் குறைத்துக் காட்டுகிறது, அல்லது பெட்ரோல் போதுமான அழுத்தத்தில் வரவில்லை.

ஓட்டை இருக்கும் இடங்கள் பெரும்பாலும் இவைதான். குழாய்களை இணைக்கும் சிலிக்கான் கப்ளர் குழாயின் உதட்டைத் தாண்டி முழுதாக ஏறாமல், கிளாம்ப் மட்டும் இறுக்கப்பட்டிருக்கும். பார்த்தால் நன்றாக இருக்கும், கையால் முறுக்கினால் சுற்றும். அளவுக்கு மேல் இறுக்குவதும் தவறு, சாதாரண ஸ்க்ரூ கிளாம்ப் மெல்லிய சிலிக்கானை அறுத்துவிடும். சென்சாரின் ரப்பர் ஓ-ரிங்கை மடங்கவிட்டு மாட்டியிருப்பார்கள். எல்லாவற்றையும்விட அதிகம் மறக்கப்படுவது ப்ரீதர் ஹோஸ், இன்ஜினின் மேல்மூடியிலிருந்து இன்டேக் குழாய்க்கு வரும் தடித்த ரப்பர் குழாய். புதுக் குழாயில் அதற்கு இடம் இல்லை என்று அதன் முனையில் ஒரு குட்டி ஃபில்டரைச் செருகி அப்படியே விட்டுவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் மாஃப் வண்டியில் அந்தக் குட்டி ஃபில்டர் வழியாக வரும் காற்று சென்சாரைக் கடக்காமலேயே, இன்ஜினுக்குள் சேரும் வாயுவை மேனிஃபோல்டுக்கு அனுப்பும் பிசிவி வால்வ் வழியாக இன்ஜினுக்குள் போகும். ஓட்டையைத் தேடி எங்கெங்கோ அலைவார்கள், ஓட்டை கண்ணெதிரே ஃபில்டர் போட்டு உட்கார்ந்திருக்கும். ப்ரீதரை மாஃபுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் பழைய இடத்தில் இணைக்க வழியுள்ள இன்டேக் கிட்டை மட்டும் வாங்குங்கள்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஓடும் இன்ஜின் மேல் கார்பரேட்டர் க்ளீனரை அடித்து, ஆர்பிஎம் மாறுகிறதா என்று பார்ப்பது பல பட்டறைகளில் பழக்கம். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே இருக்கிறது, தீப்பிடிக்கும். தயவுசெய்து செய்யாதீர்கள். ஸ்மோக் டெஸ்ட் செய்யும் பட்டறை கிடைத்தால் அதுதான் உத்தமம், புகை எங்கே கசிகிறதோ அதுதான் இடம். அது கிடைக்காவிட்டால் இரண்டடி ரப்பர் ட்யூபின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையை ஒவ்வொரு இணைப்பாகக் கொண்டுபோங்கள், 'உஸ்' என்ற சத்தம் தெளிவாகக் கேட்கும். ஃபேன், பெல்ட் பக்கம் மட்டும் கையையும் ட்யூபையும் கொண்டுபோக வேண்டாம்.

இப்போது குழாயின் விட்டம். பெரிய குழாய் என்றால் அதிகக் காற்று, அதிக பவர் என்று நினைத்து வாங்குவது மாஃப் வண்டிக்காரர்கள் செய்யும் பெரிய தவறு. சென்சார் குழாயில் போகும் மொத்தக் காற்றையும் பார்ப்பதில்லை, தன்னைக் கடக்கும் சிறு பங்கைத்தான் பார்க்கிறது. மீதியை கம்பெனிக் குழாயின் விட்டத்தை வைத்து ஈசியூ பெருக்கிக்கொள்கிறது. 60 மில்லிமீட்டர் குழாயில் இருந்த சென்சாரை 70 மில்லிமீட்டர் குழாயில் மாட்டினால் குறுக்குப் பரப்பு 36 சதவீதம் கூடுகிறது, அதே காற்று கால் பங்குக்கும் மேல் வேகம் குறைந்து சென்சாரைக் கடக்கிறது, ஈசியூ காற்று குறைந்துவிட்டது என்று நினைத்து பெட்ரோலைக் குறைக்கிறது. ட்ரிம் கொஞ்ச தூரம் ஈடுகட்டும், முடியாதபோது பி0171. இங்கே ஓட்டையே இல்லை, எந்தப் பொருளும் கெடவில்லை. புது விட்டத்துக்கு ஏற்ப ஈசியூவின் கணக்கை மாற்றி டியூன் செய்ய வேண்டும், அல்லது சென்சார் உட்காரும் இடத்தில் மட்டுமாவது பழைய விட்டம் இருக்க வேண்டும். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கும் யுனிவர்சல் குழாயில் இந்தக் கணக்கு ஒத்துப்போனால் அது அதிர்ஷ்டம்தான். சென்சாரை வளைவுக்கு மிக அருகில் வைப்பதும், காற்றை நேர்படுத்தும் தேன்கூடு வலையை 'அடைக்கிறது' என்று பிடுங்கி எறிவதும் இதே வகைத் தவறுகள்தான், ரீடிங் நிலையாக நிற்காது. சென்சார் மேல் காற்று போகும் திசைக்கு அம்புக்குறி இருக்கும், அதைத் தலைகீழாக மாட்டியவர்களும் உண்டு.

எண்ணெய் தடவும் காட்டன் ஃபில்டர் போட்டிருந்தால் இன்னொரு சந்தேகமும் உண்டு. கழுவிவிட்டு எண்ணெயைத் தாராளமாக ஊற்றினால் அது காற்றோடு போய் மாஃப் கம்பியில் படியும், அதன் மேல் தூசி ஒட்டும், ரீடிங் கெடும். கழுவிய ஃபில்டர் முழுதாகக் காய வேண்டும், ஹேர் ட்ரையர் வைத்து அவசரப்படுத்தக் கூடாது, எண்ணெய் மெல்லிய படலமாக எல்லா இடத்திலும் நிறம் தெரிந்தால் போதும். சென்சாரைச் சுத்தம் செய்ய மாஃப் க்ளீனர் என்றே விற்கும் ஸ்ப்ரேயை மட்டும் அடியுங்கள், பஞ்சாலோ துணியாலோ தொடவே கூடாது, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். சென்சார் வாங்கச் சொல்பவரிடம் முதலில் இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

சென்னை, மதுரை வெயிலில் இழுவை குறைந்தது என்று வருபவர்களுக்குக் கோடே வராது. பானெட்டுக்குள் திறந்தபடி கோன் ஃபில்டர் வைத்தால் அது ரேடியேட்டர் விடும் சூட்டைத்தான் உறிஞ்சும். வெளியில் 35 டிகிரி, டிராஃபிக்கில் பானெட்டுக்குள் 65 டிகிரி என்றால் காற்றின் அடர்த்தி கிட்டத்தட்ட 9 சதவீதம் குறைகிறது, நாக்கிங், அதாவது கலவை தானாக வெடித்து இன்ஜின் தட்டுவது, வராமல் இருக்க ஈசியூ ஸ்பார்க் அடிக்கும் நேரமான இக்னிஷன் டைமிங்கையும் பின்னால் இழுக்கிறது. சத்தம் கூடும், பவர் குறையும். ஸ்கேனரில் இன்டேக் டெம்பரேச்சரைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும், ஹைவேயில் ஓடும்போது வெளி வெப்பத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். வராவிட்டால் ஃபில்டரைச் சுற்றித் தடுப்புப் பெட்டி வேண்டும், கிரில் பக்கமிருந்து காற்று வர வழியும் வேண்டும். இதே விஷயத்தில் 'பவர் சிப்' என்று விற்கப்படும் சின்ன ரெசிஸ்டரை வாங்கிவிடாதீர்கள். காற்று குளிர்ச்சியாக இருக்கிறது என்று ஈசியூவிடம் பொய் சொல்வதுதான் அதன் ஒரே வேலை. நம் வெயிலில் அந்தப் பொய் நாக்கிங்கில் போய் முடியும். பி0113 என்று கோடு வந்தால் மட்டும் பயப்பட வேண்டாம், டெம்பரேச்சர் சென்சாரின் கனெக்டரை மாட்ட மறந்திருப்பார்கள்.

சூட்டுக்குப் பயந்து ஃபில்டரை பம்பருக்குப் பின்னால், டயர் பக்கம் தாழ்த்தி வைப்பவர்கள் மழைக்காலத்தை மறந்துவிடுகிறார்கள். 2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னையில், வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் தினமும் போய்வருபவர் இதைச் செய்யவே கூடாது என்பது என் திடமான கருத்து. ஃபில்டர் முங்கினால் தண்ணீர் நேராக சிலிண்டருக்குப் போகும், தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராட் வளையும். வண்டி தண்ணீரில் நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டு போங்கள். சாதாரண இன்ஷூரன்ஸ் இந்தச் செலவைப் பெரும்பாலும் தராது, இன்ஜின் பாதுகாப்புக்குத் தனி ஆட்-ஆன் வேண்டும், அதிலும் மாற்றிய பாகத்தைச் சொல்லாமல் இருந்தால் சிக்கல்.

டீசல்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு லீன் கோடு தொல்லை இல்லை, ஆனால் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் ஓட்டை இருந்தால் உள்ளே போகும் மணல் டர்போ இறக்கையை அரித்துவிடும். டர்போவைத் தாண்டி ஓட்டை இருந்தால் கரும்புகையும் இழுவைக் குறைவும் வரும். மாதம் ஒரு முறை ஃபில்டருக்குப் பின்னால் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள், மண் ஒட்டினால் அந்த ஃபில்டரோ அதன் இணைப்போ உதவாது. இது பெட்ரோல் வண்டிக்கும் பொருந்தும்.

கம்பெனி ஏர்பாக்ஸை விற்றுவிடாதீர்கள், எடைக்கும் போட்டுவிடாதீர்கள். மேலே சொன்ன எல்லாம் பார்த்தும் பிடிபடவில்லை என்றால் அதைத் திரும்ப மாட்டி, கோடை அழித்து, சில நாள் வழக்கம்போல ஓட்டி, ட்ரிம்மைப் பாருங்கள். ட்ரிம் இறங்கிவிட்டால் கோளாறு கிட்டில், வாங்கிய கடையில் பேசலாம். பழைய பாக்ஸிலும் ட்ரிம் உயரத்திலேயே நின்றால் இன்டேக் மேல் பழி இல்லை, ஃப்யூயல் ப்ரஷரை அளக்கச் சொல்லுங்கள், மேனிஃபோல்ட் கேஸ்கெட்டைப் பார்க்கச் சொல்லுங்கள், அதற்குப் பிறகுதான் சென்சார்.