செமஸ்டர் லீவுக்கு ஊருக்கு வரும் ஆர்க்கிடெக்சர் மாணவர்களுக்கு

கோலாலம்பூரில் பெரிய ஆபீஸில் பிராக்டிக்கல் கிடைத்தால்தான் தொழில் பிடிபடும் என்று நினைக்கிறீர்களா? அங்கே போய் மாதக்கணக்கில் கழிப்பறை டீடெயில் மட்டும் வரைந்துவிட்டுத் திரும்பிய பிள்ளைகள் நிறைய. லீவுக்குச் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புறத்து டவுனுக்கு வருகிறீர்கள் என்றால், சின்னக் கட்டடம் ஒன்றைப் பிடித்து, நிலப்பத்திரத்திலிருந்து குடிபுகும் சான்றிதழ் வரை அதன் காகிதங்களின் பின்னாலேயே போங்கள். தாமானில் பின்பக்கம் நீட்டிக் கட்டப்போகும் ஒரு டெரஸ் வீடு போதும். மாமா வீடாக இருந்தால் இன்னும் நல்லது, எத்தனை கேள்வி கேட்டாலும் விரட்டமாட்டார்.

முதலில் கெரானை, அதாவது நிலப்பத்திரத்தை, வாங்கிப் படியுங்கள். நிலம் விவசாயமா, கட்டடமா, தொழிலா என்ற வகை, அதற்குக் கீழே உள்ள நிபந்தனை, விற்கவோ மாற்றவோ தடை உண்டா, குத்தகை என்றால் எந்த ஆண்டில் முடிகிறது, இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதில் தனி அக்கறை இருக்க வேண்டும். லயன் வீடும் கோயிலும் தலைமுறையாக நின்றாலும், நிலம் கம்பெனி பேரில், விவசாய வகையில் கிடக்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் எவ்வளவு அழகான டிசைன் போட்டாலும் அது காகிதத்தோடு நின்றுவிடும்.

அடுத்தது அளவு. டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டை நீங்களே அளந்து வரையுங்கள், ஹவுசிங் டெவலப்பர் கொடுத்த பழைய பிளானை நம்ப வேண்டாம். வரைந்ததை 1984ஆம் ஆண்டின் ஒருசீர் கட்டட விதிகளோடு (எல்லாரும் யூபிபிஎல் என்பார்கள்) வைத்துப் பாருங்கள். படுக்கையறை உயரம் குறைந்தது 2.5 மீட்டர், சமையலறை 2.25 மீட்டர், படியின் உயரம் 180 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, மிதிக்கும் அகலம் 255க்குக் குறையக்கூடாது.

இந்த எண்களை மனப்பாடம் செய்து புண்ணியமில்லை, ஓர் அறையில் போட்டுப் பாருங்கள். பின்பக்கப் படுக்கையறை 3 மீட்டருக்கு 3.6 என்று வையுங்கள், 10.8 சதுர மீட்டர். ஜன்னல் தரைப்பரப்பில் 10 விழுக்காடு, அதாவது 1.08 சதுர மீட்டர் இருக்க வேண்டும். காற்று தடையில்லாமல் வந்துபோகும் திறப்பு 5 விழுக்காடு, 0.54. இப்போது மாமா சமையலறையைப் பின்சந்து வரைக்கும் நீட்டிவிட்டால் அந்த ஜன்னல் எங்கே திறக்கும்? சமையலறைக்குள்! மீன் பொரித்த வாசனையோடு தூங்க வேண்டியதுதான். கான்ட்ராக்டர் “ஃபேன் போட்டுடலாம் தம்பி” என்பார். நீங்கள் ஒரு சின்னக் காற்று முற்றம் விட்டு வரைந்தால், அத்தை “அந்த இடத்தில் பிரிட்ஜ் வைக்கலாமே” என்பார். அத்தையை உட்கார வைத்து, எரிச்சல்படாமல், அந்த முற்றம் எதற்கு என்று அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லிப் பாருங்கள். ஸ்டூடியோ ஜூரியில், லெக்சரர்கள் முன்னால் டிசைனை விளக்கிப் பேசிப் பழகிய பேச்சு இங்கே செல்லாது, தொழிலில் பாதி நாள் இப்படித்தான் போகும்.

நகராண்மைக் கழகத்துக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். சுங்கை சிப்புட்டுக்காரர்கள் கோலாகங்சாருக்குப் போக வேண்டும். ஓஎஸ்சி கவுண்டரில் (கட்டட விண்ணப்பங்களை ஒரே இடத்தில் வாங்கும் முகப்பு) இந்த மாதிரி வேலைக்கு என்னென்ன படிவம், யார் கையெழுத்து, பக்கத்து வீட்டுக்காரர் சம்மதம் வேண்டுமா என்று கேளுங்கள். கழகத்துக்குக் கழகம் மாறும். மலாயில் அதிகாரபூர்வக் கடிதம் எழுதத் தயங்குகிறவர்கள் இப்போதே பழகிவிடுங்கள், பின்னால் அதற்கு நேரம் இருக்காது.

கையெழுத்து என்றதும் ஒன்று. முன்பெல்லாம் குடிபுகும் சான்றிதழை ஊராட்சி மன்றம் கொடுத்தது. 2007லிருந்து அதன் இடத்தில் சிசிசி, அதாவது கட்டடம் விதிப்படி கட்டி முடிந்தது என்ற சான்றிதழ், வந்துவிட்டது. திட்டத்தைச் சமர்ப்பித்த ஆர்க்கிடெக்டோ இன்ஜினியரோ பதிவுபெற்ற கட்டட வரைவாளரோதான் அதை வழங்குகிறார். அதற்கு முன்னால் அடித்தளம், கட்டமைப்பு, குழாய், மின்சாரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஜி படிவங்களில், மொத்தம் 21, வேலை செய்தவரும் மேற்பார்த்தவரும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். கான்கிரீட் கொட்டுவதற்கு முன்பே சைட்டுக்குப் போய்க் கம்பியைப் பாருங்கள் என்று சீனியர்கள் கத்துவது இதனால்தான், மூடிய பிறகு எதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது? சைட்டில் நின்றபடி “இந்தச் சுவரை நகர்த்துங்க” என்று வாய்ச்சொல்லாக விடவும் கூடாது. பாம் (மலேசிய ஆர்க்கிடெக்ட் சங்கம்) வெளியிட்ட கட்டுமான ஒப்பந்தத்தில் ஆர்க்கிடெக்டின் உத்தரவு எழுத்தில்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கூடுதல் செலவு யார் தலையில் என்ற சண்டை வரும்.

எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். பார்ட் 2 (படிப்புத் தகுதி) முடித்து, குறைந்தது இரண்டு ஆண்டு வேலை செய்து, லாக் புக்கோடுதான் பார்ட் 3க்கு, அதாவது ஆர்க்கிடெக்டாகப் பதிவதற்கான தேர்வுக்கு, போவீர்கள். “பிளான் வரைந்தேன்” என்று எழுதினால் ஒன்றும் இல்லை. எது மாறியது, யார் மாற்றச் சொன்னார், ஏன், அவ்வளவு எழுதுங்கள்.

அப்புறம், ஊர்க்காரர்கள். முதலாண்டு முடிவதற்குள் “நம்ம ஆர்க்கிடெக்ட் தம்பி” ஆகிவிடுவீர்கள், கோயில் கமிட்டித் தலைவர் மண்டபத்துக்கு ஒரு பிளான் கேட்டு வீட்டுக்கே வருவார். ஸ்கெட்ச் போட்டுக் கொடுங்கள், தப்பில்லை. ஆனால் பேருக்குப் பக்கத்தில் ஆர்க்கிடெக்ட் என்று போடாதீர்கள். 1967ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட் சட்டப்படி அது லெம்பாகா ஆர்க்கிடெக்கில் (ஆர்க்கிடெக்டுகளைப் பதிவு செய்யும் வாரியம்) ஆர்க்கிடெக்டாகப் பதிந்தவர்களுக்கு மட்டும். தலைவரைப் பதிவுபெற்ற ஒருவரிடம் கூட்டிப் போய், ஃபீஸ் பேசி முடிக்கும் வரை நீங்களும் ஓரமாக உட்கார்ந்து கேளுங்கள், அதை எந்த லெக்சரரும் காட்டப்போவதில்லை.