மதிப்பெண் அட்டவணையை நிரப்பும் திசை

மூன்று வேலை வாய்ப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அட்டவணை போட்டேன். சம்பளம், வேலை நேரம், கற்றுக்கொள்ளும் வாய்ப்பு, மேலாளர் என வரிசைகள். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண். எத்தனை முறை போட்டாலும் முதலில் பிடித்துப்போன நிறுவனமே ஜெயித்தது. விசித்திரம் என்னவென்றால், தகவலே தெரியாத வரிசைகளிலும் அதற்கு எட்டும் ஒன்பதும் விழுந்திருந்தன.

இன்னும் சில வரிசைகளைச் சேர்த்துப் பார்த்தேன்; இடைவெளிதான் கூடியது. எடைகளை, அதாவது எந்த வரிசை எவ்வளவு முக்கியம் என்ற எண்களை, மாற்றினேன்; கூட்டுத்தொகையைப் பார்த்துக்கொண்டே மாற்றினால் அது நமக்குப் பிடித்த பக்கம்தான் சாயும். நண்பர்களிடம் கேட்டால், என் கேள்வியிலேயே பதில் இருந்தது. நம் தீர்ப்பைத் தடம்புரளச் செய்யும் மனச்சாய்வுகளின் பட்டியலைப் படித்தேன். அது அடுத்தவரிடம் குறை கண்டுபிடிக்கத்தான் வசதி.

ஆனால் அதில் ஒன்று கண்ணில் பட்டது: உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1920-இல் விவரித்த ஒளிவட்ட விளைவு. ஒருவரைப் பற்றிய பொதுவான நல்லெண்ணம் அவருடைய மற்ற குணங்களுக்குப் போடும் மதிப்பெண்ணையும் உயர்த்திவிடும். ராணுவ அதிகாரிகள் தமக்குக் கீழே இருந்தவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களில் உடல்வாகும் அறிவும் தலைமைப் பண்பும் நம்ப முடியாத அளவுக்கு ஒத்துப்போயின. என் அட்டவணையும் அதே கதைதான்.

சரி என்று நிரப்பும் திசையை மாற்றினேன். ஒரு நிறுவனத்தை மேலிருந்து கீழே முடிக்காமல், ஒரு அளவுகோலை எடுத்து மூன்றுக்கும் பக்கவாட்டில் மதிப்பெண் போட்டேன். முடிந்த வரிசையைத் தாளால் மூடிவிட்டு அடுத்தது. எடைகளை முன்பே எழுதிவைத்தேன். தகவல் இல்லாத கட்டம் காலி, கூட்டல் கடைசியில்.

பிடித்த நிறுவனத்துக்குத்தான் காலிக் கட்டங்கள் அதிகம். அவற்றை மட்டும் மின்னஞ்சலில் கேட்டேன். பதில் வந்ததும் அது இரண்டாம் இடத்துக்கு இறங்கியது. அப்பாடா, முதலிடத்துக்கு ஒப்புதல் அனுப்பிவிட்டேன்.