சோபால தூக்கம், கட்டில்ல முழிப்பு

வீட்டு லோன், அப்பாவோட கண் ஆபரேஷன், ஆபீஸ்ல ஆடிட்னு எல்லாம் ஒரே மாசத்துல வந்து சேர்ந்ததுல மூணு வாரம் தூக்கமே போச்சு. பத்து மணிக்கு படுத்தா ரெண்டு மணி வரைக்கும் இஎம்ஐ கணக்கு தலைக்குள்ள ஓடும், நடுவுல போனை எடுத்து இன்னும் எத்தனை மணி நேரம் தூங்கலாம்னு வேற ஒரு கணக்கு.

பால்ல ஜாதிக்காய் பொடி, நூறுல இருந்து தலைகீழா எண்றது, சாயங்கால காபி கட், எதுவும் வேலைக்கு ஆகல. ஒன்பது மணிக்கே படுத்துப் பாத்தேன், அது இன்னும் மோசம்.

வீட்டுக்காரிதான் கண்டுபிடிச்சா, "நியூஸ் பாக்குறப்ப சோபால குறட்டை விடுறீங்க, கட்டிலுக்கு வந்தா மட்டும் முழிச்சுக்கிறீங்களே"ன்னு. அட ஆமால்ல! கட்டில்னா கவலைப்படுற இடம்னு மூளை பழகிடுச்சு.

தேடினப்போ 1972ல ரிச்சர்ட் பூட்சின்ங்கற அமெரிக்க உளவியலாளர் சொன்ன முறை கிடைச்சுது. கண்ணு சொக்கினாதான் படுக்கணும், இருபது நிமிஷம் போல ஆகியும் வரலன்னா எழுந்து வேற ரூமுக்கு போயிடணும், ராத்திரி எப்படி போனாலும் காலைல அதே நேரத்துக்கு எழுந்திரிக்கணும், பகல் தூக்கம் கூடாது. போனை சமையலறைல சார்ஜ் போட்டேன், கடிகாரத்தை சுவர் பக்கம் திருப்பிட்டேன், முழிப்பு வந்தா ஹால்ல சின்ன லைட்ல துணி மடிச்சேன் (பீரோ இவ்ளோ நீட்டா இருந்ததே இல்ல). ஏழு மணிக்கு ஒரு நோட்டுல கவலையை எழுதி பக்கத்துலயே நாளைக்கு என்ன செய்யணும்னும் எழுதிடுவேன்.

முதல் நாலு நாள் பகல்ல தலை சுத்துச்சு, பைக்கை விட்டுட்டு பஸ்லதான் போனேன். பத்தாவது நாள் படுத்தது ஞாபகம் இருக்கு, அப்புறம் பால்காரர் பெல் சத்தம்தான்.