மழைவீழ்ச்சி அறிக்கையில் படமும் வரைபும்: லேடெக் செய்முறை

தோட்டத்து மழைமானியில் குறித்த அளவுகளை அறிக்கையாக்கும் மாணவர்கள் பலர், எக்செல் வரைபைத் திரையிலிருந்து படம்பிடித்து அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். அச்சில் எண்கள் மங்கிப்போகின்றன. இலங்கையின் பதுளையிலோ நுவரெலியாவிலோ மண்சரிவு அபாயமுள்ள இடத்தைப் பற்றிய அறிக்கையில் இது சிறிய குறையல்ல. 24 மணி நேர மழை 75, 100, 150 மில்லிமீற்றர் என்ற எல்லைகளைத் தாண்டும்போதுதான் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை மட்டம் உயர்கிறது. அந்த எல்லைகள் வரைபில் பளிச்சென்று தெரிந்தாக வேண்டும்.

கட்டளைகளை எழுதி ஆவணத்தை அச்சுக்கோக்கும் மென்பொருளான லேடெக்கில் இதைச் செய்யலாம். கட்டளைகளின் உச்சரிப்பைத் தமிழில் தருகிறேன். தட்டச்சிடும்போது ஆங்கில எழுத்தில், கட்டளைகளுக்கு மட்டும் முன்னால் பின்சாய்கோட்டுடன் எழுதுங்கள்.

முதலில் புகைப்படம். ஆவணத்தின் தலைப்பகுதியில் யூஸ்பேக்கேஜ் மூலம் கிராஃபிக்எக்ஸ் பொதியை (கூடுதல் வசதி தரும் துணைக்கோப்பை) அழையுங்கள். படக் கோப்பை ஆவணம் இருக்கும் கோப்புறையிலேயே வையுங்கள். பெயரில் இடைவெளி வேண்டாம். பிறகு ஃபிகர் சூழலை (பிகின், எண்ட் கட்டளைகளுக்கு இடைப்பட்ட பகுதியை) திறந்து, இன்க்ளூட்கிராஃபிக்ஸ் கட்டளையின் சதுர அடைப்பில் அகலத்தையும் நெளி அடைப்பில் கோப்பின் பெயரையும் எழுதுங்கள். அகலத்தைச் சென்ரிமீற்றரில் கொடுப்பதைவிட லைன்விட்த்தில் (வரியின் அகலத்தில்) 0.8 பங்கு என்று கொடுப்பது நல்லது. பக்க ஓரங்களை மாற்றினாலும் படம் பொருந்தி நிற்கும். புகைப்படத்துக்கு ஜேபெக் போதும்.

வரைபைப் படமாகக் கொண்டுவராமல், ஆவணத்துக்குள்ளேயே வரையுங்கள். அதற்கு பிஜிஎஃப்பிளாட்ஸ் பொதி இருக்கிறது. மழை அளவுகளை நாள், மழை என்ற இரண்டு நிரல்களாகச் சிஎஸ்வி கோப்பில் (காற்புள்ளியால் பிரித்த உரைக்கோப்பில்) சேமியுங்கள். நிரல் தலைப்புகள் ஆங்கில எழுத்திலேயே இருக்கட்டும். டிக்ஸ்பிக்சர் சூழலுக்குள் ஆக்சிஸ் சூழலைத் திறந்து, அதன் தெரிவுகளில் செங்குத்து அச்சின் கீழ் எல்லையான ஒய்மின்னைப் பூச்சியமாக்குங்கள். அடுத்து ஆட்பிளாட் கட்டளைக்கு ஒய்பார் என்ற தெரிவைக் கொடுத்து, டேபிள் வழியாக அந்தக் கோப்பைச் சுட்டுங்கள். காற்புள்ளியே பிரிப்பான் என்பதைக் கால்செப் தெரிவில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாளின் மழையும் நிமிர்ந்த பட்டையாக எழும்பும்.

எல்லைக் கோடுகளுக்குத் தனித்தனி ஆட்பிளாட். கோர்டினேட்ஸ் என எழுதி, (1,75) (31,75) என்று இரு புள்ளிகள் கொடுத்தால் மாதம் முழுவதற்கும் ஒரு கோடு ஓடும். 100க்கும் 150க்கும் அப்படியே. நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். கறுப்பு வெள்ளைப் பிரதியிலும் பிரித்தறிய ஒன்றை முழுக்கோடாகவும் மற்றவற்றைப் புள்ளிக்கோடு, கீற்றுக்கோடு எனவும் இடுங்கள். நாளை புதிய மழை அளவைச் சிஎஸ்வியில் சேர்த்து ஆவணத்தை மீண்டும் ஓட்டினால் (தொகுத்தால்) வரைபும் தானாகப் புதுப்பிக்கப்படும். இந்த முறையை நான் இவ்வளவு வற்புறுத்துவது இதற்காகத்தான்.

படவிளக்கத்தைத் தமிழில் எழுத, தமிழ் எழுத்துருக்களைக் கையாளும் லேடெக் வகையான ஸீலேடெக்கில் ஓட்டி, ஃபாண்ட்ஸ்பெக் பொதியால் நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவை அமையுங்கள்.

படத்துக்குச் சுட்டுப்பெயர் தரும் லேபலை, படவிளக்கம் எழுதும் கேப்ஷனுக்குப் பின்னால் எப்போதும் எழுதுங்கள். முன்னால் வந்தால் பட எண் தவறாக வரும். லேடெக் இடம்பார்த்துப் படத்தை அடுத்த பக்கத்துக்கு நகர்த்தக்கூடும். எனவே "கீழேயுள்ள படம்" என்று எழுதாமல் ரெஃப் கட்டளையால் எண்ணைச் சுட்டுங்கள். எண்ணுக்குப் பதிலாக இரண்டு கேள்விக்குறிகள் தெரிந்தால் ஆவணத்தை இன்னொரு முறை ஓட்டுங்கள்.