கிற்றார் தந்திகள் நீண்ட நாள் உழைக்க

கிற்றாரை வாசித்து முடித்தவுடன், பழைய பருத்திச் சாரத்தில் கிழித்த உலர்ந்த துண்டொன்றை ஒவ்வொரு தந்திக்கும் அடியில் நுழைத்து, இரு விரல்களால் கிள்ளிப் பிடித்தபடி முழு நீளத்துக்கும் துடைத்துவிடுங்கள். புதிய தந்தித் தொகுதி வாங்கும் செலவு தள்ளிப்போகும்.

தடித்த தந்திகளைத் தொழிற்சாலையில் உருக்குக் கம்பியின் மீது வெண்கலக் கம்பியை நெருக்கமாகச் சுற்றியே செய்கிறார்கள் என்பதால், வியர்வையும் அழுக்கும் அந்தச் சுற்றுகளின் இடுக்கில் தங்கி ஒலியை மங்கச் செய்கின்றன. கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மட்டக்களப்புக் கல்லடி போன்ற இடங்களில் உப்புக் காற்றும் சேர்வதால், சுற்றில்லாத மெல்லிய தந்திகளில் துரு விரைவாகப் பிடிக்கிறது. ஆகவே அடிப்பக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

துருவே பிடிக்காத மெல்லிய நைலோன் தந்திகளுக்கு இது அவ்வளவு தேவையில்லை. கிற்றார்க் கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் பிரெட் எனும் உலோகக் கம்பியில் பட்டுப் பட்டுப் பள்ளம் விழுந்த தந்தியை எவ்வளவு துடைத்தாலும் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.