சாளுவன்குப்பம் பக்கம் ஃபர்னிச்சரோட வீடு வாங்கப் போறீங்களா?

"ஃபுல்லி ஃபர்னிஷ்டு சார், சாவி வாங்கினா குடியேறலாம்"னு புரோக்கர் சொன்னா, உடனே உள்ளே போயிடாதீங்க. ஏசியோட அவுட்டோர் யூனிட்டை எங்கே மாட்டியிருக்குன்னு பாருங்க. திருவான்மியூர்ல இருந்து மாமல்லபுரம் வரைக்கும் ஈசிஆர்ங்கிற கிழக்குக் கடற்கரைச் சாலை வீடுகளுக்கு ஏசி சர்வீஸ் பண்றதுதான் என் பிழைப்பு. மெயினை அணைச்சுட்டு, பின்பக்கத்து அலுமினியத் தகட்டை விரலால லேசா அழுத்துங்க. உப்புக்காத்து தின்னிருந்தா அப்பளமா நொறுங்கும். அந்த ஏசிக்குப் பத்துப் பைசா கொடுக்காதீங்க.

அடுத்தது சன்ஷேடோட அடிப்பக்கம். உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடிச்சு உப்பினா, கான்கிரீட்டைப் பிளந்து வெளியே தள்ளும். ஒரு குச்சியால தட்டிக்கிட்டே போங்க. உள்ளே வெத்தா இருக்கிற மாதிரி பொள்ளல் சத்தம் வர்ற இடத்துல சிவில் இன்ஜினியரைக் கூட்டிட்டு வந்து காட்டணும். புது பெயிண்ட் வாசனை வந்தா ரெண்டு மடங்கு தட்டுங்க. தேக்குக் கட்டில், ஊஞ்சல்னு மயங்குறவங்க யாரும் தலையைத் தூக்கிப் பார்க்கிறதில்லை.

போர் தண்ணியில எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்குன்னு டிடிஎஸ் மீட்டர்ல பாருங்க. குடிக்கிறதுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும். வேற வழியே இல்லேன்னா 2000 வரைக்கும்தான் அனுமதி. சித்திரை, வைகாசியில சோதிங்க. மழை முடிஞ்ச தை மாசத்துல எந்தப் போரும் கொஞ்சம் நல்ல பேர் வாங்கிடும்.

"புலிக்குகைக்கு நடந்தே போயிடலாம்"னு விளம்பரத்துல பெருமையா போடுவாங்க. எனக்கு அங்கேதான் உதறும். புலிக்குகையும் அதிரணசண்ட மண்டபமும் தொல்லியல் துறை பாதுகாக்கிற சின்னங்கள். 2004 சுனாமிக்கு அப்புறம் தோண்டி எடுத்த பழைய முருகன் கோயிலும் பக்கத்துலேயே இருக்கு. பாதுகாக்கப்பட்ட எல்லையில இருந்து 100 மீட்டருக்குள்ள புதுக் கட்டடம் கூடாது; பழுது பார்க்கவே அனுமதி வேணும். அதுக்கு அடுத்த 200 மீட்டர்ல எதைக் கட்டினாலும் அனுமதி வாங்கணும். போதாததுக்கு, கடல் ஏறி வர்ற எல்லையான உயர் அலைக் கோட்டுல இருந்து 500 மீட்டர் வரைக்கும், கட்டடத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிற கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். "மாடியில ஒரு ரூம் ஏத்திக்கலாம்"னு யாராவது சொன்னா, அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்க.

வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம், பட்டா, கட்டட வரைபட அனுமதி, இதெல்லாம் வக்கீல் பார்வைக்கு. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம்னு கைவசம் வச்சுக்கோங்க. வீட்டு விலை 50 லட்சத்தைத் தொட்டா 1 சதவீதம் வருமான வரி பிடிச்சுக் கட்டுறது வாங்குறவர் பொறுப்பு.

ஃபர்னிச்சருக்குத் தனிப் பட்டியல் போடுங்க. ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர், மோட்டார்னு ஒவ்வொண்ணுக்கும் மாடல் நம்பர், ஒரு போட்டோ. அட்வான்ஸ் கொடுக்கிற அன்னைக்கே ஓனர் கையெழுத்து. இல்லேன்னா சாவி கைக்கு வர்றப்ப சுவத்துல ஆணி மட்டும்தான் இருக்கும்.

கடைசியா, ஓனர் இல்லாத நேரமா பார்த்து வாட்ச்மேன்கிட்ட ஒரு டீ குடிங்க. அவருக்குச் சம்பள பாக்கி இருக்கா, வீடு கைமாறினாலும் இருப்பாரான்னு கேளுங்க. லாரித் தண்ணி எந்த மாசத்துல இருந்து வாங்குறாங்கன்னும் அவருக்குத்தான் தெரியும்.